நெஞ்சில் பேஸ்மேக்கர், கையில் எம்.ஆர்.ஐ. துண்டு: எந்த ஸ்கானுக்குப் போவது?

"பேஸ்மேக்கர் இருந்தா எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாதுன்னு சொல்றாங்க. டொக்டரோ எழுதிக் குடுத்திட்டாரு. யார் சொல்றதைக் கேக்குறது?" பதுளையிலிருந்து ஒருவர், தலவாக்கலையிலிருந்து ஒருவர். ஒரே மாதத்தில் இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, பெரியப்பாவோடு நான் அலைந்த அலைச்சலையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

பெரியப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ரோலர் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாலு வருடத்துக்கு முன்னால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தைந்துக்கு இறங்கி, பீலியடியில் மயங்கி விழுந்தார். பேஸ்மேக்கர் வைத்தார்கள்: தோளுக்குக் கீழே துடிப்பைத் தூண்டும் சின்னப் பெட்டி ஒன்று, அதிலிருந்து இதயத்துக்குள் போகும் வயர்கள். லயத்தில் எல்லோருக்கும் அது 'பெட்டரி'. போன வருடம் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்கோவில், அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கானில், இதயத்தின் பம்ப் பலம் குறைந்திருப்பது தெரிந்தது. ஏன் குறைந்தது என்று பார்க்கத்தான் ஹார்ட் எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். பெரிய காந்தத்தை வைத்துப் படம் எடுக்கும் ஸ்கான் அது.

விடிய நாலு மணிக்குக் கிளம்பி, கிணிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கிப் போனோம். கவுண்டரில் இருந்தவர் பேஸ்மேக்கர் அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார். "இதை வச்சு எடுக்க ஏலாது ஐயா." அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகுதான் புரிந்தது, அவர் செய்தது சரி. அட்டையில் பெட்டியின் மொடல் எண் இருந்தது; வயர்களின் எண் எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. கோபப்பட வேண்டியது அந்தக் கோட்டை நிரப்பாமல் விட்டவர்கள் மீது. அது எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி, டொக்டர் எதைத் தேடுகிறார் என்பது. 'ஹார்ட் ஸ்கான்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. இரத்தக்குழாயில் அடைப்பா, பம்ப் பலமா, தசையில் தழும்பா, வீக்கமா என்பதைப் பொறுத்து எடுக்க வேண்டிய ஸ்கானே மாறும். துண்டில் எழுதியிருப்பது புரியாவிட்டால், "எம்.ஆர்.ஐ.ல என்ன பார்க்கப் போறீங்க, அது வேற ஸ்கான்ல தெரியாதா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதால் எந்த டொக்டரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

இரண்டாவது, ஆபத்து. மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: படம் தெளிவாக வருமா? பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மூளையையோ முழங்காலையோ எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால் பாதுகாப்பு மட்டும்தான் கேள்வி. இதயத்தை எடுப்பதென்றால் பெட்டியே கமராவுக்கு முன்னால் நிற்கிறது. உலோகம் காந்தப்புலத்தைக் குலைத்து, படத்தில் கருநிழலாக விழும். ஆபத்தில்லாமல் எடுத்து முடித்தும் பார்க்க வேண்டிய இடம் இருட்டாக வந்தால் என்ன பிரயோசனம்? 'எடுக்கலாமா' என்பதும் 'எடுத்தால் உதவுமா' என்பதும் இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும்.

அப்புறம் உடம்பு. சிறுநீரகம் எப்படி, மல்லாந்து படுக்க முடியுமா, மூச்சைப் பிடிக்க முடியுமா. கடைசியாகப் பயணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்குக் காசு இல்லை. ஆனால் வரிசை உண்டு, பஸ் உண்டு, கூடப் போகிறவரின் நாட்சம்பளம் உண்டு. ஒரு பயணம் வீணானால் அது வெறும் பஸ் காசு நட்டமில்லை.

## திரும்பவும் ஓர் எக்கோ

இதைத்தான் முதலில் சொல்வேன், அலுப்பாகத் தெரிந்தாலும். கதிர்வீச்சு இல்லை, காந்தம் இல்லை, பேஸ்மேக்கருக்கு ஒன்றுமே ஆகாது. பம்ப் பலம், வால்வு, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்பதற்கெல்லாம் எக்கோ போதும். மலையகத்திலிருந்து வெகுதூரம் இறங்காமல் எடுத்துவிடவும் முடியும்.

ஒரே சிக்கல், பேஸ்மேக்கர் வலது பக்கத்திலிருந்து துடிப்பைத் தூண்டும்போது இதயத்தின் நடுச்சுவர் இயல்புக்கு மாறாக அசையும். அவசரத்தில் பார்ப்பவருக்கு அது மாரடைப்பு வந்த இடம்போலத் தோன்றலாம். அதனால் எக்கோ எடுப்பவரிடம் பெட்டரி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல வருடம் தொடர்ந்து வலது பக்கத்தைத் தூண்டுவதாலேயே சிலருக்குப் பம்ப் பலம் குறைவதும் உண்டு. பேஸ்மேக்கர் வைப்பதற்கு முன் எடுத்த பழைய எக்கோ ரிப்போர்ட் கையில் இருந்தால் அந்தச் சந்தேகத்தைச் சீக்கிரம் தீர்க்கலாம். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம் வீடுகளில் அது அடுப்புப் பற்றவைக்கத்தான் போகிறது.

தசைக்குள் இருக்கும் தழும்பையும் வீக்கத்தையும் எக்கோ சரியாகக் காட்டாது. எம்.ஆர்.ஐ.யை நாடுவது அங்கேதான்.

## சி.டி. ஸ்கான்

இரத்தக்குழாய் அடைப்புத்தான் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ.க்கு அலைய வேண்டியதே இல்லை. சி.டி. அஞ்சியோ (எக்ஸ்ரேயால் இதயக் குழாய்களைப் பார்ப்பது) அல்லது கையிலோ தொடையிலோ குழாய் விட்டு எடுக்கும் வழக்கமான அஞ்சியோகிராம்தான் அதற்கு வழி. சில நிமிட வேலை. பேஸ்மேக்கரை மாற்றி அமைக்கத் தேவையில்லை. வயரின் நுனியைச் சுற்றிக் கோடு கோடாக ஒளிச்சிதறல் வரும், பெரும்பாலும் சமாளிக்கலாம்.

மறைவான செலவு சிறுநீரகத்தில் இருக்கிறது. அயடீன் மருந்து ஏற்றுவதால் முன்கூட்டியே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். சீனி வியாதிக்கு மெட்ஃபோர்மின் குடிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சும் உண்டு, ஆனால் இன்றைய மெஷின்களில் இதய சி.டி. ஒன்றுக்குப் பெரும்பாலும் சில மில்லிசீவர்ட்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). உலகத்தில் ஒரு மனிதன் இயற்கையிலிருந்தே வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறான். அறுபது தாண்டியவருக்கு இது பெரிய கணக்கில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு யோசிக்க வேண்டிய கணக்கு.

## அணு மருத்துவ ஸ்கான்

நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாதது. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் அணு மருத்துவப் பிரிவு ஒன்று இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மிகக் குறைந்த அளவு கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, அது இதயத் தசையில் எங்கே சேர்கிறது, எங்கே சேரவில்லை என்று பார்ப்பார்கள். இரத்தம் போகாத பகுதி எது, செத்த தசை எது என்பது தெரியும். காந்தம் இல்லாததால் பேஸ்மேக்கர் எவ்வளவு பழையதானாலும் தடையில்லை.

பேஸ்மேக்கர் உள்ளவரை ஓடவிட்டுச் சோதித்தால் நடுச்சுவரில் பொய்யான குறை தெரியக்கூடும். அதனால் ஓட்டத்துக்குப் பதில் குழாயை விரிக்கும் மருந்து கொடுத்துச் சோதிப்பதுதான் முறை. அந்த மருந்துக்கும் கஃபீனுக்கும் ஆகாது. முந்தின நாளே தேத்தண்ணியை நிறுத்தச் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்து மனிதரை ஒரு நாள் முழுக்கச் சாயத்தண்ணி இல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இதயத் தசையில் சார்கோய்டோசிஸ் போன்ற வீக்க நோய் சந்தேகம் என்றால் இன்னொரு வகை உண்டு, பெட் ஸ்கான். அதற்கு மலையகத்திலிருந்து கொழும்புப் பக்கம்தான் இறங்க வேண்டும். அதற்கு முன் சோறு, ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் விலக்கி, கொழுப்பும் புரதமுமாகச் சாப்பிட்டு, பிறகு பட்டினி இருக்க வேண்டும். ஒரு ரொட்டித் துண்டு ஸ்கானையே கெடுத்துவிடும். இதயம் சீனியை எரிக்க ஆரம்பித்துவிட்டால் நோய் எது, சாப்பாடு எது என்று படத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

## எம்.ஆர்.ஐ.: பொருத்தமான பேஸ்மேக்கர் என்றால்

இனி விஷயத்துக்கு வருவோம். வழக்கமான மெஷினின் காந்தம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. பயம் மூன்று வகை. காந்தம் பெட்டியை இழுக்கலாம். மெஷின் அனுப்பும் ரேடியோ அலையை வயர் அன்டெனா மாதிரி வாங்கி, நுனி சூடாகி, இதயத் தசையைச் சுடலாம். மெஷினின் இரைச்சலை இதயத்துடிப்பு என்று பேஸ்மேக்கர் தப்பாக நினைத்து, தன் வேலையை நிறுத்திவிடலாம். முழுக்க அதை நம்பி இருப்பவருக்கு மூன்றாவதுதான் உயிர் போகும் விஷயம். ஒரு காலத்தில் 'கூடவே கூடாது' என்று சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன.

பிறகு எம்.ஆர்.ஐ.யைத் தாங்கும்படி பேஸ்மேக்கர்கள் வந்தன. அமெரிக்காவில் முதலாவது 2011 பெப்ரவரியில் அனுமதி பெற்றது, மெட்ரோனிக் கம்பனியுடையது. இவற்றை 'எம்.ஆர்.ஐ. சேஃப்' என்று வாய்வழக்கில் சொல்கிறார்கள். அது பிழை. சரியான பெயர் 'கண்டிஷனல்', அதாவது நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனை தெரியாததால்தான் எங்களுக்கு முதல் பயணம் வீணானது.

நிபந்தனை பெட்டிக்கு மட்டும் இல்லை. பெட்டியும் வயர்களும் சேர்ந்த முழு ஜோடிக்கு. பெட்டி புதியது, வயர் வேறு கம்பனியுடையது என்றால் அந்தச் சலுகை போய்விடும். பழைய வயர் ஒன்றைக் கழற்றாமல் உள்ளேயே விட்டிருந்தாலும் போய்விடும். வைத்து ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பல மொடல்களுக்குப் பொது விதி. பெட்டரி முடியும் தறுவாயில் இருக்கக் கூடாது. எத்தனை டெஸ்லா வரை என்பதும் மொடலுக்கு மொடல் மாறும், சிலது 1.5க்கு மட்டும், சிலது 3க்கும் சரி.

வயர் எண் கிடைக்காமல் நாங்கள் என்ன செய்தோம்? பெரியப்பா ஐடென்டி கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் வைத்திருப்பார்: பேஸ்மேக்கர் அட்டை, ஈ.பி.எஃப். கடிதம், ஒரு மாரியம்மன் படம். அதில் இல்லை. பெரியம்மாதான் அரிசி டின்னுக்கு மேலிருந்து பழைய டயக்னோசிஸ் கார்டை எடுத்துவந்தார். பின்பக்கம் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சத்திர சிகிச்சை நாளில் வயர் பெட்டியிலிருந்து பிய்த்து ஒட்டிய ஸ்டிக்கர்கள். அதிலேயே எண்! கிளங்கன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் அதைக் காட்டி, ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தோம். கைவிட்ட வயர் எதுவும் உள்ளே இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரியும். சில மொடல்களில் எம்.ஆர்.ஐ. தாங்கும் என்பதற்கான குறியே எக்ஸ்ரேயில் விழும்.

இனி படம். பெட்டி பெரும்பாலும் இடது தோளுக்குக் கீழே, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிழல் அதிகம் விழுவது இதயத்தின் முன்சுவரிலும் நுனியிலும். சாதாரண பேஸ்மேக்கரில் இது ஓரளவுதான். அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் வகையில் மிக அதிகம். வலது பக்கம் வைத்தவர்களுக்குத் தொல்லை குறைவு. தழும்பு பார்க்கும் படத்தில் இந்த நிழலைக் குறைக்க 'வைட்பேண்ட்' என்றொரு முறை இருக்கிறது. அது எல்லா மெஷினிலும் இருக்காது. நாள் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. மெஷின் இருக்கும் எல்லா இடத்திலும் இதயத்தை எடுப்பதில்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள். அதற்குத் தனி மென்பொருளும், படித்துச் சொல்லத் தெரிந்த ஆளும் வேண்டும்.

உடம்புக்கு இது சுகமான ஸ்கான் இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து படுக்க வேண்டும், பத்துப் பதினைந்து விநாடி என்று திரும்பத் திரும்ப மூச்சைப் பிடிக்க வேண்டும். "ஹுஸ்ம கன்ன... அல்லகன்ன..." என்று ஹெட்ஃபோனில் சிங்களத்தில் சொல்லும்போது பெரியப்பா பதறிவிடுவார் என்று பயந்து, வீட்டிலேயே ஒரு வாரம் பழக்கினோம். பேத்தி சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுவாள், இவர் கட்டிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். ரோலர் அறையில் தேயிலைத் தூசி தின்ற நெஞ்சு. முதல் நாள் ஆறு விநாடிதான். கடைசியில் பன்னிரண்டு வரை வந்தார்.

தழும்பு படத்தில் தெரிவதற்காகக் கடோலினியம் என்ற மருந்து ஏற்றுவதால் இங்கேயும் சிறுநீரகப் பரிசோதனை உண்டு. சிறுநீரகம் மிக மோசமாக இருந்தால் மருந்தின் வகையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

## எம்.ஆர்.ஐ.: பழைய பேஸ்மேக்கர் என்றால்

'பழசு, முடியாது' என்பது இப்போது முழு உண்மை இல்லை. 2017இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. மேக்னாசேஃப் என்பதில், நிபந்தனை முத்திரை இல்லாத கருவிகளோடு 1.5 டெஸ்லாவில் 1,500 ஸ்கான்கள். யாரும் இறக்கவில்லை, வயர் எதுவும் பழுதாகவில்லை. ஒரு டிஃபிபிரிலேட்டரை மட்டும் உடனே மாற்ற வேண்டி வந்தது. ஸ்கானுக்கு முன் அதை விதிப்படி மாற்றி அமைக்காமல் விட்டிருந்தார்கள். ஆனால் இதில் நெஞ்சுப்பகுதி ஸ்கான்கள் சேர்க்கப்படவில்லை. நமக்கு வேண்டியதோ நெஞ்சு. அதே வருடக் கடைசியில் வந்த இன்னோர் ஆய்வில் 1,509 பேருக்கு 2,103 ஸ்கான்கள், நெஞ்சும் சேர்த்து. ஒன்பது ஸ்கான்களில் கருவி தானாகவே ஆரம்ப நிலைக்குத் திரும்பியது. அவற்றில் பெட்டரி ஏற்கெனவே முடிகிற நிலையில் இருந்த ஒன்றை மாற்ற வேண்டி வந்தது.

இதை வாசித்துவிட்டு "சரி, அப்போ பயமில்லை" என்று எந்த ஸ்கான் நிலையத்துக்கும் போய்விடாதீர்கள். அந்த எண்கள் எல்லாம் இதய வைத்தியக் குழு ஸ்கான் முழுக்கக் கண்காணித்த இடங்களில் வந்தவை. ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க, அதிர்ச்சி மெஷினோடு பக்கத்தில் ஆள் நின்ற இடங்கள். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் 'முடியாது' என்று சொன்னால், அவர்கள் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். வேறு எந்த ஸ்கானும் பதில் தராது, பதில் வந்தால் சிகிச்சை மாறும் என்ற நிலையில்தான் இந்த வழி.

## பேஸ்மேக்கரை மாற்றிவிட்டு எடுப்பது

இதையும் ஒருவர் கேட்டிருந்தார். ஸ்கானுக்காக மட்டும் வயரைப் பிடுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வருடக்கணக்கில் தசையோடு ஒட்டிய வயரைக் கழற்றுவதில், அனுபவசாலிகள் செய்தாலும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குப் பெரிய சிக்கல் வருகிறது. ஆனால் பெட்டரி முடிந்து எப்படியும் பெட்டி மாற்றப் போகிறார்கள் என்றால் கதை வேறு. உள்ளே இருக்கும் வயரோடு ஜோடி சேரும் கம்பனிப் பெட்டியாகப் பார்த்து வைக்க முடியுமா என்று அப்போதே கேளுங்கள்.

இன்னும் பேஸ்மேக்கரே வைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபது வயதுக்குள் காரணமில்லாமல் துடிப்பு குறைகிறது என்றால், உயிருக்கு அவசரமில்லாத பட்சத்தில், எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுத்துவிட்டுப் பேஸ்மேக்கர் வைப்பதைப் பற்றி டொக்டரிடம் பேசுங்கள். நிழலில்லாத படம் கிடைப்பது அப்போதுதான்.

| டொக்டர் தேடுவது | முதலில் கேட்க வேண்டியது | எம்.ஆர்.ஐ. எப்போது |
|---|---|---|
| பம்ப் பலம், வால்வு | எக்கோ | எக்கோ தெளிவில்லாவிட்டால் |
| இரத்தக்குழாய் அடைப்பு | சி.டி. அஞ்சியோ, அஞ்சியோகிராம் | அநேகமாக வேண்டாம் |
| மாரடைப்புக்குப் பின் உயிருள்ள தசை | அணு மருத்துவ ஸ்கான் | கண்டிஷனல் ஜோடி என்றால் நல்லது |
| தசையில் தழும்பு, வீக்கம், காரணம் தெரியாத பலக்குறைவு | எம்.ஆர்.ஐ. | முடியாவிட்டால் பெட் ஸ்கான் |

## நாள் குறிக்கும்போது

எம்.ஆர்.ஐ.தான் என்று முடிவானால், மூன்று பேர் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும்: ஸ்கான் எடுப்பவர், இதயப் பிரிவில் ஒருவர், பேஸ்மேக்கரை மாற்றி அமைக்கும் புரோகிராமரோடு ஒருவர். அந்தப் புரோகிராமர் ஒரு சின்னக் கணினி, கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒரு கம்பனியுடையதை வைத்து இன்னொன்றைத் திறக்க முடியாது. அது வந்து சேராவிட்டால் ஸ்கான் இல்லை. அதனால் முந்தின நாள் போன் பண்ணி, "பேஸ்மேக்கர் கேஸ், புரோகிராமர் வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஸ்கானுக்கு முன் பேஸ்மேக்கரை எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றுவார்கள். அதை முழுக்க நம்பி இருப்பவருக்கு, வெளி இரைச்சலைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்படி வைப்பார்கள். தானாகத் துடிப்பு உள்ளவருக்குத் தூண்டலையே நிறுத்தி வைக்கலாம். முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். களைப்பிலும் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்திலும் விட்டுப்போகக் கூடாத வேலை இதுதான்.

பெரியப்பாவுக்கு இரண்டாவது பயணத்தில் ஸ்கான் நடந்தது. முன்சுவரில் கொஞ்சம் நிழல், நடுச்சுவரும் கீழ்ச்சுவரும் நன்றாகத் தெரிந்தன, தழும்பு இல்லை. பலக்குறைவுக்கு வலது பக்கத் தூண்டல்தான் காரணம் என்று முடிவாகி, இப்போது அதற்கான சிகிச்சையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வந்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, புரோகிராமரோடு வந்த பையனிடம் கேட்டார்: "தம்பி, பெட்டரிய பழையபடி வச்சிட்டீங்களா?" பையன் சிரித்துக்கொண்டே ஒரு நீளக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தான். அது இப்போது மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.